சாவி உள்ளே, நான் வெளியே: சாவிக்காரரை நம்பிக் கதவைத் திறக்கச் சொல்லலாமா?

கேள்வி: 27 ஜூலை 2024

மூணாவது மாடியில தனியா வாடகைக்கு இருக்கேன். இழுத்துச் சாத்தினா தானா பூட்டிக்கிற கதவு. ஒரு நாள் சாவியை உள்ளே வெச்சிட்டு வெளியே மாட்டினா யாரைக் கூப்பிடறது? நெட்டுல வர நம்பரை நம்பலாமா? ரோட்டோரம் குடை போட்டு உட்கார்ந்திருக்கிற சாவிக்காரரைக் கூட்டிட்டு வந்தா, அவருக்கே நம்ம வீட்டைத் திறக்கத் தெரிஞ்சிடுமே, அது பரவாயில்லையா?

28 ஜூலை 2024, காலை 9:10

மாட்டி ஒரு வாரம்தான் ஆகுது, சூடு ஆறலை, அதனால நானே எழுதறேன்.

போன ஞாயிறு, நங்கநல்லூர். வீட்டுக்காரம்மா, அதாவது என் மனைவி, ஊருக்குப் போயிருக்கா. குப்பை வண்டிப் பாட்டு கேட்டுச்சு. லுங்கி, பனியன், கையில பச்சை பக்கெட். ரெண்டாவது மாடித் திருப்பத்துல இறங்கறப்ப மேலே டமார்னு ஒரு சத்தம். பால்கனிக் கதவைத் திறந்து வெச்சிருந்தேன். ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்பாங்க. எங்க வீட்டுல அம்மி இல்லை, அதனால கதவை எடுத்துக்கிச்சு.

சாவி உள்ளே. போன் உள்ளே. மூக்குக் கண்ணாடி உள்ளே. அடுப்புல குக்கர், அதுல பருப்பு. அதுவரைக்கும் ஒரு விசில் வந்திருந்தது.

உங்க கேள்விக்கு ஒரு வரியில பதில்: நெட் நம்பர் வேண்டாம், உங்க தெருவுக்குத் தெரிஞ்ச ஆளைப் பிடிங்க. மீதியைக் காபி குடிச்சிட்டு வந்து எழுதறேன்.

28 ஜூலை 2024, காலை 10:25

எதிர் வீட்டு மாமிதான் முதல் உதவி. அவங்க போன்ல தேடினதும் வரிசையா நம்பர் வந்துச்சு, எல்லாமே "24 மணி நேரமும்". முதல் நம்பர்ல ஒரு பொண்ணு தேனா பேசிச்சு. 300 ரூபாய்தான் சார், பதினஞ்சு நிமிஷத்துல ஆள் வரும். எந்த ஏரியால இருந்து வராருன்னு கேட்டேன். "சென்னைல இருந்துதான் சார்." சரி, சென்னைல எங்கே? பதில் இல்லை. அப்புறம், பதிவுக்கு 99 ரூபாய் முதல்ல கட்டணும், லிங்க் அனுப்பறோம்னு சொல்லிச்சு.

மாமி போனை வெடுக்குனு வாங்கிட்டாங்க. "பருப்பு தீஞ்சா தீயட்டும், லிங்க்கைத் தொடாதீங்கோ."

அதுக்குள்ள உள்ளே ஆறாவது விசில். கதவுக்கு வெளியே நின்னு தன் வீட்டுக் குக்கர் விசிலை எண்ணினவங்களுக்குத்தான் அந்த வேதனை புரியும். ஏழு, எட்டுன்னு போய்ப் பன்னிரண்டுல நின்னுடுச்சு. விசில் வந்தவரைக்கும் தைரியமா இருந்தேன். நின்னதுக்கு அப்புறம்தான் வயித்தைக் கலக்கிச்சு. தண்ணி வத்திடுச்சுன்னு அர்த்தம்.

கீழே இஸ்திரி வண்டி அண்ணன்தான், பழவந்தாங்கல் சப்வே பக்கம் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார், கூட்டிட்டு வரேன்னு கிளம்பினார். டிவிஎஸ் எக்ஸெல்ல பின்னாடி ஒரு பெரியவரை உட்கார வெச்சுக் கூட்டிட்டு வந்தார். மடியில ஒரு ரெக்சின் பை, அவ்வளவுதான்.

28 ஜூலை 2024, மதியம்

பெரியவர் மேலே வந்ததும் பூட்டைப் பார்க்கலை, என்னைப் பார்த்தார்.

"யார் வீடு சார்?"

"என் வீடுதான்."

"அது சரி. யாரு சொல்றது?"

எனக்குச் சுருக்குனு கோபம் வந்துச்சு. கருகல் வாசனை வர ஆரம்பிச்சிடுச்சு, இவர் விசாரணைக் கமிஷன் நடத்தறார். ஆதார் உள்ளே. டிஜிலாக்கர்ல இருக்கு, அது போன்ல இருக்கு, போன் உள்ளே. வாடகை ஒப்பந்தம் பீரோவுல, பீரோ உள்ளே. என்னோடதுன்னு சொல்ல ஆதாரம் ஒரு குப்பை பக்கெட்தான்.

மாமி சொன்னாங்க, நாலு வருஷமா இங்கதான் இருக்கார்னு. பெரியவர் பையில இருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்தார். பேர், வீட்டு நம்பர், மாடி, நேரம். கீழே மாமியோட கையெழுத்து, மாமியோட வீட்டு நம்பர், அதுக்கும் கீழே என் கையெழுத்து. அதுக்கு அப்புறம்தான் பூட்டுப் பக்கமே திரும்பினார்.

நாலு நிமிஷத்துல திறந்துட்டார்.

28 ஜூலை 2024, இரவு

எப்படித் திறந்தார்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க. விலாவாரியா எழுத மாட்டேன், ஆனா உங்க கதவைப் பத்தி நீங்க தெரிஞ்சுக்க வேண்டிய அளவுக்குச் சொல்றேன்.

இழுத்துச் சாத்தினா தானா பூட்டிக்கிற பூட்டை நைட் லாட்ச்னு சொல்றோமே, அதோட நாக்கு ஒரு பக்கம் சரிவா இருக்கும். பின்னாடி ஸ்பிரிங். கதவு சாத்தறப்ப அந்தச் சரிவு நிலைச்சட்டத்துல உரசி உள்ளே போய், ஓட்டை வந்ததும் வெளியே குதிக்கும். அதனாலதான் சாவியே இல்லாம பூட்டிக்குது. அதே சரிவை இன்னொண்ணாலயும் தள்ளலாம்கிறதுதான் விஷயம். நம்ம வீட்டு வாசக்கதவு பெரும்பாலும் உள்பக்கமாத் திறக்கும், அப்ப அந்தச் சரிவு வெளியே நிக்கிறவனைப் பார்த்துத்தான் இருக்கும். நடுவுல நிலைச்சட்டத்தோட விளிம்பு மறைக்கும், அதனால விறைப்பான அட்டை வளைஞ்சு உள்ளே போகாது. பெரியவர் வெச்சிருந்தது பழைய எக்ஸ்ரே பிலிம். வெளிச்சத்துல பார்த்தேன், யாரோ ஒருத்தரோட முழங்கால். மூட்டு தேஞ்சிருந்தது, பாவம்.

என் பூட்டுல சாவியைப் போட்டு ஒரு சுத்து சுத்தினா நாக்கு பின்னாடி நகராம இறுகிக்கும். அப்ப பிலிம் கிலிம் எதுவும் வேலைக்கு ஆகாது. நாலு வருஷமா நான் அந்தச் சுத்து சுத்தினதே இல்லை. இழுத்துச் சாத்திட்டு, ஒரு தடவை தள்ளிப் பார்த்துட்டு, பூட்டிட்டேன்னு நினைச்சு தீபாவளிக்கு ஊருக்கெல்லாம் போயிருக்கேன். வெளியே இரும்பு கிரில் கேட்டும் அதுல ஒரு பித்தளைப் பூட்டும் இருந்ததால தப்பிச்சேன்.

அதனால "அவருக்குத் திறக்கத் தெரிஞ்சிடுமே"ன்னு கேட்டீங்களே, அவருக்கு முன்னாடியே தெரியும். தெரியாம இருந்தது நமக்குத்தான்.

29 ஜூலை 2024

திருத்தம். வீட்டுக்காரம்மா போன்ல இதைப் படிச்சிட்டு மாமிகிட்ட விசாரிச்சிருக்கா. நாலு நிமிஷம் இல்லையாம், பத்து நிமிஷமாம். முதல் பிலிம் மடங்கிடுச்சு, ரெண்டாவதுதான் வேலை செஞ்சது. முழங்கால் முதல் பிலிமா ரெண்டாவதான்னு இப்ப எனக்கே சந்தேகம்.

இன்னொரு திருத்தம், இதுதான் முக்கியம். தீயணைப்புக்குப் போன் பண்ணியிருக்கணும்னு ஒருத்தர் திட்டியிருக்கார். சரியான திட்டு. மாமி அப்பவே 101-க்குப் போடலாமான்னு கேட்டாங்க. ஒரு பருப்புக்காகப் பெரிய வண்டி மணி அடிச்சுட்டு வந்து தெருவே வேடிக்கை பார்க்கணுமான்னு வெட்கப்பட்டு வேண்டாம்னுட்டேன். என் வெட்கத்துக்காக எட்டு வீட்டுக்காரங்க எரியற அடுப்புக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க. உள்ளே அடுப்பு எரிஞ்சாலோ, குழந்தையோ வயசானவங்களோ மாட்டியிருந்தாலோ சாவிக்காரரைத் தேடிட்டு நிக்காதீங்க. 101 இல்லைன்னா 112. வெறும் கதவு மட்டும்னா சாவிக்காரர் போதும்.

30 ஜூலை 2024

கூலி எவ்வளவுன்னு கேட்டவருக்கு: 500 கேட்டார். மாமி 300-க்கு இழுத்தாங்க. அவர் மாமியைப் பார்த்து, "உங்க கதவு மாட்டறப்ப 300-க்கு வரேம்மா"ன்னார். 500 கொடுத்தேன். கூட்டிட்டு வந்த இஸ்திரி அண்ணன் பெட்ரோலுக்குக்கூட வாங்க மாட்டேன்னுட்டார்.

ராத்திரி பன்னிரண்டு மணின்னா கூடத்தான் கேட்பாங்க, அது நியாயம். ஆனா கிளம்பறதுக்கு முன்னாடியே மொத்தம் எவ்வளவுன்னு கேட்டுடுங்க. 300-ன்னு சொல்லிட்டு வந்து நின்னதும் "இது வேற மாடல் சார், சாவி நுழையற சிலிண்டரைத் துளைச்சாத்தான் ஆகும், புதுப் பூட்டு என்கிட்டயே இருக்கு"ன்னு ஆரம்பிச்சா, ஏறி வந்த படியிலேயே இறங்கச் சொல்லிடுங்க. சும்மா இழுத்துச் சாத்தின நைட் லாட்ச்சுக்கு டிரில் தேவையில்லை. சாவி உள்ளே உடைஞ்சு மாட்டினது, பூட்டே கெட்டுப் போனது, அதுக்கெல்லாம் சில சமயம் துளைச்சுத்தான் ஆகணும், அதைக் கடைசியா எடுக்கணும்.

லிங்க்ல பணம் கட்டி ஏமாந்தேன்னு எழுதின தம்பி, உடனே 1930-க்குக் கூப்பிடுங்க. சைபர் மோசடிக்கான நம்பர். எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ அவ்வளவு நல்லது.

3 ஆகஸ்ட் 2024, ஆடிப்பெருக்கு

தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம் சாப்பிட்டுட்டு மத்தியானம் படுத்தா அந்தப் பெரியவர் கேட்டதுதான் ஞாபகம் வருது. "யாரு சொல்றது?"

கதவு திறந்த பிறகு நடந்ததை எழுத மறந்துட்டேன். நான் அடுப்படிக்கு ஓடி அணைச்சேன். குக்கர் அடி கரி, கேஸ்கெட் இளகிப் போயிருந்தது. திரும்பி வந்தா அவர் வாசப்படிக்கு வெளியேதான் நிக்கிறார். உள்ளே ஒரு கால் வைக்கலை. "ஆதாரைக் காட்டிடுங்க சார், நோட்டுல எழுதிக்கறேன்"னார்.

எடுத்துட்டு வந்தேன். விலாசம்: நிலக்கோட்டை, திண்டுக்கல் மாவட்டம். மாத்தணும் மாத்தணும்னு நாலு வருஷம் ஓடிடுச்சு. அவர் ஆதாரைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். கரண்டு பில் எடுத்தேன், அது வீட்டு ஓனர் பேர்ல. கேஸ் புக், மனைவி பேர்ல. என் வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு, இது என் வீடுன்னு சொல்ல ஒரு காகிதம் கிடைக்கலை எனக்கு.

கடைசியில அவரே ஹால் சுவரை எட்டிப் பார்த்தார். கல்யாண போட்டோ. ஒரு நிமிஷம் உத்துப் பார்த்தார்.

"நீங்கதான். முடி கொஞ்சம் ஜாஸ்தி அதுல."

நோட்டுல ஏதோ எழுதிக்கிட்டு இறங்கிப் போயிட்டார்.

அன்னிக்கு அவர் கேட்டதுக்குக் கோபப்பட்டேன். இப்ப யோசிச்சா, நான் வெளியூர்ல இருக்கறப்ப வேற ஒருத்தன் லுங்கி பனியனோட, கையில பக்கெட்டோட என் கதவு முன்னாடி நின்னு "என் வீடுதான்"னு சொல்லியிருந்தா? கேள்வி கேட்காம திறக்கிற ஆள்தான் பயப்பட வேண்டிய ஆள். உங்க கடைசிக் கேள்விக்கு என்கிட்ட இருக்கிற பதில் இதுதான்.

4 ஆகஸ்ட் 2024

"எல்லாச் சாவிக்காரரும் அப்படி இல்லை"ன்னு எழுதினவருக்கு: நானும் எல்லாரையும் சொல்லலை. தெருவுல "பீரோ சாவி, பூட்டு ரிப்பேர்"னு கூவிட்டு வரவங்களை உள்ளே விட்டு நகை போன செய்தி எத்தனை படிச்சிருக்கோம். சாவியைச் சூடு பண்ணணும், எண்ணெய் கொண்டு வாங்கன்னு வீட்டு ஆளை அடுப்படிக்கு அனுப்பறது, அப்புறம் ஒரு மணி நேரம் பீரோவைத் திறக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போறது. திறந்து பார்க்கிறப்ப பெட்டி காலி. பீரோ வேலைன்னா பொருளை முதல்ல வெளியே எடுத்துடுங்க. பூட்டியிருக்கிறதால எடுக்க முடியலைன்னா, திறந்து முடிச்சு அவர் படி இறங்கற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகராதீங்க. காபி கேட்டாக்கூட அப்புறம்தான்.

ரோட்டோரம் ஒரே இடத்துல வருஷக்கணக்கா குடை போட்டு உட்கார்ந்திருக்கிறவர் வேற. நாளைக்கும் அவர் அங்கேதான் உட்காரணும்.

4 ஆகஸ்ட் 2024, மறுபடியும்

திண்டுக்கல்னு எழுதினதும் பூட்டு பத்திக் கேட்காம இருப்பீங்களா. ஆமா, எங்க ஊர்ப் பக்கம் வாயாடிக் குழந்தையை அதட்டறதே "வாய்க்குத் திண்டுக்கல் பூட்டு போடு"ன்னுதான். 2019-ல புவிசார் குறியீடும் கிடைச்சது.

அம்மாச்சி வீட்டு நெல் அறையில ஒரு மாங்காய்ப் பூட்டு தொங்கும். உண்மையிலேயே மாங்காய் வடிவம்தான், தூக்கினா கை இறங்கும். நைட் லாட்ச் மாதிரி சிலிண்டருக்குள்ள வரிசையா ஊசி இல்லை அதுல, லீவர். தகடு தகடா அடுக்கியிருக்கும், சாவியோட ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு தகட்டைச் சரியான உயரத்துக்குத் தூக்கினாத்தான் தாழ் நகரும். ஒண்ணு கொஞ்சம் கூடினாலும் குறைஞ்சாலும் நகராது. ஒரு தடவை அம்மாச்சி சாவியைக் கிணத்துல போட்டுட்டாங்க. வந்த ஆசாரி ஒரு வெறும் சாவியை மெழுகுவர்த்தியில காட்டிக் கரி ஏத்தி, உள்ளே விட்டு அசைச்சு, வெளியே எடுத்து எங்கே கரி அழிஞ்சிருக்குன்னு பார்த்து அரத்தால ரெண்டு இழுப்பு. மறுபடி கரி, மறுபடி அரம். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுட்டு மத்தியானம் முழுக்க அவர் பக்கத்துல குந்தியிருந்தேன். சாயங்காலம் "டக்"னு சுத்திச்சு. அம்மாச்சி நெல்லைப் பார்க்கலை, அந்தப் புதுச் சாவியை வாங்கி முதல்ல இடுப்புல செருகிக்கிட்டாங்க.

சாவிங்கிற சொல்லே போர்த்துகீசியர் விட்டுட்டுப் போனது. ஜன்னலும் அலமாரியும்கூட. பூட்டும் கதவும் தாழும் நம்மது. தொலையற ஐட்டம் மட்டும் இறக்குமதி.

11 ஆகஸ்ட் 2024

டிஜிட்டல் பூட்டு போடச் சொல்லி நாலு பேர். விரல் ரேகைன்னா சாவியே வேண்டாம், சரிதான். பேட்டரி தீர்ந்தா? பல மாடல்ல வெளியே அடியில ரெண்டு முனை இருக்கும், 9 வோல்ட் பேட்டரியை வெச்சு அழுத்தினா கொஞ்ச நேரம் உயிர் வரும். அதுவும் இல்லைன்னா அவசரச் சாவின்னு ஒண்ணு கூடவே கொடுப்பாங்க. என் தம்பி அந்தச் சாவியைப் பத்திரமா வீட்டு அலமாரியில வெச்சிருக்கான். அதாவது உள்ளே.

எனக்கு வாடகை வீடு, ஓனர் கதவுல ஓட்டை போட விட மாட்டார். ரெண்டாவது சாவியை மாமிகிட்ட கொடுத்துட்டேன், கதை முடிஞ்சது.

19 ஆகஸ்ட் 2024

கதை முடியலை.

நேத்து மாமி வீட்டுல இருந்து அந்தச் சாவியை வாங்கிச் சும்மா போட்டுப் பார்த்தேன். உள்ளே போகுது, சுத்தலை. இடது பக்கம் கால்வாசி, அப்புறம் கல்லு மாதிரி. ஓனர் எனக்குக் கொடுத்ததே டூப்ளிகேட். அதைப் பார்த்து நான் வெட்டினது டூப்ளிகேட்டுக்கு டூப்ளிகேட். ஒவ்வொரு தடவை நகல் எடுக்கிறப்பவும் ஒரு நூல் ஒரு நூலாத் தேயும், அது அப்படியே சேர்ந்துக்கிட்டே போகும். ஜூலையிலேயே இந்தச் சாவி மாமிகிட்ட இருந்திருந்தாலும் பருப்பு தீஞ்சுதான் இருக்கும்.

அதனால 11-ந்தேதி எழுதினதை இப்படித் திருத்திக்கோங்க: ஓனர்கிட்ட ஒரிஜினலைக் கேட்டு வாங்கி அதைப் பார்த்து வெட்டுங்க. வெட்டின அன்னிக்கே பூட்டுல போட்டுப் பாருங்க, கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு. செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில, துளசி மாடத்துக்குப் பின்னாடி எல்லாம் வைக்காதீங்க, திருடனுக்கும் துளசி மாடம் தெரியும்.

கேள்வி கேட்டவங்களுக்கு இன்னொண்ணு. புதுசாக் குடி வந்திருக்கீங்கன்னா, உங்களுக்கு முன்னாடி இருந்தவங்ககிட்ட எத்தனை சாவி இருந்துச்சோ யாருக்குத் தெரியும். கதவுக்கு உள்ளேயே பதிச்ச பூட்டா இருந்தா சிலிண்டரை மட்டும் மாத்தலாம். கதவோட விளிம்புல ஒரு நீளத் திருகாணி, அதைக் கழட்டிட்டு, சாவியைப் போட்டு லேசாத் திருப்பி இழுத்தா வந்துடும். பழைய சிலிண்டரை எடுத்து வெச்சுக்கிட்டுக் காலி பண்றப்ப திரும்ப மாட்டிடுங்க, ஓனர் ஒண்ணும் சொல்ல மாட்டார். சொல்லிட்டே செஞ்சா இன்னும் நல்லது.

8 செப்டம்பர் 2024

ஓனர் ஒரிஜினல் கொடுத்துட்டார், மூணு தடவை கேட்டதுக்கு அப்புறம். நேரா பழவந்தாங்கல் சப்வே. குடை அதே இடத்துலதான். பலகையில வரிசையா வெறும் சாவி தொங்குது, பக்கத்துல சின்ன மெஷின், ஒரு வைஸ், நாலு அரம்.

சாவியை நீட்டினேன். அடையாளமே தெரியாத மாதிரி, "யார் வீட்டுச் சாவி சார்?"ன்னு கேட்டார்.

பேன்ட் சட்டையில வந்திருந்தேன், அதான். பக்கெட்டுன்னு சொன்னதும் சிரிச்சுட்டார். நோட்டை எடுத்துப் பக்கம் திருப்பிக் காட்டினார். 21 ஜூலை, மூணாவது மாடி, மாமி கையெழுத்து, என் கையெழுத்து. ஆதாருக்குன்னு விட்ட இடத்துல "போட்டோ பார்த்தேன்". அதுக்குப் பக்கத்துல, கோணல் எழுத்துல, "பருப்பு".

மெஷின்ல வெட்டிட்டு அரத்தால ரெண்டு இழுப்பு இழுத்துக் கொடுத்தார். 80 ரூபாய். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து வெச்சுக்கிட்டுப் போட்டேன், வெண்ணெயா சுத்துச்சு. இறுகினா தேங்கா எண்ணெய் விடாதீங்க, தூசி பிடிச்சு உள்ளே ஊசி எல்லாம் மாட்டும், பென்சிலைச் சுரண்டின தூளைச் சாவியில தடவி நாலு தடவை உள்ளே விட்டு எடுங்கன்னு சொல்லியனுப்பினார். மாமிக்கும் அதையே சொல்லிட்டேன். அவங்க ஏற்கெனவே எண்ணெய் விட்டுட்டாங்களாம்.